மலையடிவாரத்தில் திறந்தவெளிச் சின்னக் கல்யாணம்: வானிலை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மண்டபம் வேண்டாம், பத்திலிருந்து இருபது பேர் போதும், மலை தெரிகிற இடத்தில் தாலி கட்ட வேண்டும் என்று கேட்டு வருகிறவர்கள் பெருகிவிட்டார்கள். கம்பம், கூடலூர், போடி, குமுளி, செங்கோட்டை, ஆனைமலை என்று கேரள எல்லையோரம் எங்கே வைத்தாலும் அவர்களின் சந்தேகங்கள் ஏறத்தாழ ஒன்றுதான். அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். உதாரணங்களில் பெரும்பாலானவை கம்பம் பள்ளத்தாக்கைச் சேர்ந்தவை. மற்ற இடங்கள் எங்கே வேறுபடுகின்றனவோ அங்கே அதைச் சொல்லியிருக்கிறோம்.

மலையோரத்துல வெளியில கல்யாணம் வைக்க எந்த மாசம் நல்லது?

தை பிற்பாதியும் மாசி முழுவதும். அதாவது ஜனவரி கடைசி வாரத்திலிருந்து மார்ச் நடுவரை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், கோடை இடி தொடங்கியிருக்காது, காற்றும் அடங்கியிருக்கும். தை முதல் வாரத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள். 2021 பொங்கல் சமயத்தில் தென்மாவட்டங்களில் கொட்டிய மழையில் தாமிரபரணியில் வெள்ளம் வந்தது. ‘கார்த்திகைக்குப் பின் மழையும் இல்லை’ என்ற பழமொழியையும் நம்பி இறங்க வேண்டாம். தென்காசி, நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களைப் புரட்டிப்போட்ட 2023 டிசம்பர் 17, 18 பெருமழை மார்கழி முதல் நாளில்தான் தொடங்கியது.

பங்குனியில் வெயிலும் காட்டுத்தீயும் சேர்ந்துகொள்ளும். சித்திரை, வைகாசியில் காலை மட்டும் உங்களுடையது. ஆனியில் காற்று. ஆவணியில் இரண்டு மழைகளுக்கு நடுவே நல்ல நாட்கள் கிடைக்கும், ஆனால் எது நல்ல நாள் என்பது மூன்று நாளுக்கு முன்புதான் தெரியும். ஐப்பசி எங்கள் கணக்கில் கடைசி இடம். அடைமழை பிடித்தால் காலை, மாலை என்ற பேதமே இருக்காது.

கம்பத்துல வெயில் அடிக்குது, அதே நேரம் குமுளியில குடை பிடிச்சுட்டு நிக்கிறாங்க. எதை நம்பித் தேதி குறிக்கிறது?

தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடல் ஈரத்தோடு வந்து மலையில் ஏறுகிறது. ஏறும்போது குளிர்ந்து, கேரளப் பக்கச் சரிவிலேயே மழையைக் கொட்டிவிடுகிறது. நம் பக்கம் இறங்கும்போது மிச்சமிருப்பது காற்றும் கொஞ்சம் சாரலும்தான். அதனால் ஆடி மாதம் ஒரே நாளில் குமுளியில் கனமழை, லோயர் கேம்பில் சாரல், கம்பத்தில் வெறும் காற்று என்று மூன்று வானிலையைப் பார்க்கலாம். நடுவில் இருப்பது இருபத்துச் சொச்சம் கிலோமீட்டர்தான்.

ஆகவே ஊர்ப் பெயரை வைத்து வானிலை பார்க்காதீர்கள். மலைமேலா, சரிவிலா, பள்ளத்தாக்கிலா என்பதை வைத்துப் பாருங்கள். நீங்கள் பார்த்த இடம் மலை முகட்டுக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு ஆபத்து. செங்கோட்டையும் குற்றாலமும் இதற்கு விலக்கு. ஆரியங்காவுக் கணவாய் வழியாக ஈரக்காற்று உள்ளே வந்துவிடுவதால் ஜூனிலிருந்து ஆகஸ்ட்வரை அங்கே அடிவாரத்திலேயே சாரல் உண்டு. பாலக்காட்டுக் கணவாய் இன்னும் அகலமானது. பொள்ளாச்சிப் பக்கம் அதே மாதங்களில் காற்றும் தூறலும் சேர்ந்தே வரும்.

மாசத்தை விடுங்க. ஒரு நாள்ல எந்த நேரம் பாதுகாப்பு?

மாதத்தைவிட இதுதான் முக்கியமான கேள்வி. அதிகாலையிலிருந்து காலை 9 மணிவரை. சித்திரை, வைகாசிக் கோடை மழை பகல் சூட்டில் உருவாவது. நிலம் காய்ந்து சூடேறி, மேற்கேயிருந்து கடல்காற்று மலையேற, மதியம் ஒரு மணிக்கு மேல் மேகம் திரளும். இரண்டிலிருந்து இரவு எட்டுக்குள் வெடிக்கும். காற்றும் பெரும்பாலும் காலையில் அடங்கி, பத்து மணிக்கு மேல் எழும். நம் வழக்கத்தில் 4.30–6, 6–7.30 முகூர்த்தங்கள் நிறைய வருவது இங்கே நமக்குச் சாதகம். மாலை வெளிச்சத்தில் படம் அழகாக வரும் என்பதற்காக நாலரை மணி முகூர்த்தம் கேட்கிறவர்கள் மாசி தவிர மற்ற மாதங்களில் அதைக் கைவிடுவதே நல்லது.

வெளிச்சக் கணக்கையும் பாருங்கள். மாசியில் கம்பத்தில் சூரியோதயம் 6.40 ஒட்டி வரும். ஆனால் கிழக்கே மேகமலைத் தொடர் நிற்பதால் அடிவாரத் தோட்டத்தில் வெயில் விழ இன்னும் நேரமாகும். மேற்கு மலையை ஒட்டிய இடமென்றால் சாயங்காலம் பஞ்சாங்க அஸ்தமனத்துக்கு வெகுமுன்பே நிழல் இறங்கிவிடும். தேதிக்கு ஒரு வாரம் முன்பு, அதே நேரத்தில், அதே இடத்தில் போய் நின்று பார்த்துவிடுங்கள்.

போன்ல மழை வாய்ப்பு 40 சதவீதம்னு காட்டுது. டிவியில ‘ஓரிரு இடங்களில்’னு சொல்றாங்க. ரெண்டுக்கும் என்ன அர்த்தம்?

‘ஓரிரு இடங்களில்’ என்றால் அந்தப் பகுதியில் மழை அளக்கும் நிலையங்களில் நூற்றுக்கு 25 அல்லது அதற்கும் குறைவானவற்றில் மழை பதிவாகலாம் என்று பொருள். மழை லேசாக இருக்கும் என்று பொருள் இல்லை. விழுகிற இடத்தில் ஒரு மணி நேரம் கொட்டவும் கொட்டும். மாவட்டத்துக்கான அறிவிப்பில் இன்னொரு சிக்கல் உண்டு. தேனி என்றால் ஆண்டிபட்டிக் கரடும் மேகமலைத் தேயிலைத் தோட்டமும் ஒரே வரிக்குள் அடங்கிவிடும். எல்லையோரம் கல்யாணம் வைக்கிறவர்கள் தேனிக்கும் இடுக்கிக்கும், தென்காசிக்கும் கொல்லத்துக்கும், கோவைக்கும் பாலக்காட்டுக்கும் என்று இரண்டு மாவட்ட அறிவிப்பையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

போனில் வரும் சதவீதம் பல சதுர கிலோமீட்டர் கட்டத்துக்கான சராசரிக் கணக்கு. மலையின் மேடு பள்ளம் அதில் சரியாக ஏறாது. பத்து நாள் முன்கணிப்பைப் பார்த்து அழுவதற்கோ நிம்மதி அடைவதற்கோ காரணம் இல்லை. மூன்று நாள் இருக்கும்போது கவனிக்கத் தொடங்குங்கள். அன்றைக்கு மிகவும் உதவுவது இந்திய வானிலை ஆய்வு மையம் வெளியிடும் அடுத்த 3 மணி நேர அறிவிப்பும், கொச்சி ரேடார் படமும். மேகக் கூட்டம் எந்தத் திசையில் நகர்கிறது என்பதை அரைமணி இடைவெளியில் இரண்டு படம் எடுத்து ஒப்பிட்டாலே தெரிந்துவிடும்.

மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை வந்தா கல்யாணத்தை நிறுத்தணுமா?

24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தால் கனமழை, 115.6-லிருந்து மிகக் கனமழை, 204.5-லிருந்து அதி கனமழை. மஞ்சள் என்றால் கவனமாக இருங்கள். கூரைக்கு மாற ஆயத்தமாக இருந்தால் நடத்தலாம். ஆரஞ்சு என்றால் மலைமேல் எதுவும் வைக்க வேண்டாம். பள்ளத்தாக்கில், கான்கிரீட் கூரையின்கீழ் மட்டும். சிவப்பு என்றால் விருந்தினர்களைச் சாலையிலேயே இறக்கக் கூடாது.

ஆரஞ்சுக்கே இவ்வளவு கறாராகச் சொல்வதற்குக் காரணம் மழையல்ல, மலைப்பாதை. லோயர் கேம்ப்–குமுளி, போடிமெட்டுப் பாதைகளில் மண் சரிந்தால் பாதி உறவினர் மேலே, பாதி கீழே. கனமழை நாட்களில் இடுக்கி மாவட்ட நிர்வாகம் மலைப்பாதைகளில் இரவுப் பயணத்துக்குத் தடை போடுவதும் உண்டு. 2020 ஆகஸ்டில் மூணாறு அருகே பெட்டிமுடியில் தொழிலாளர் குடியிருப்பையே மண் மூடியது. சரிவில் மழை என்றால் அதுதான் எல்லை, அதற்குமேல் துணிச்சல் காட்ட இடமில்லை.

கடைசி முடிவை எப்போ எடுக்கணும், யார் எடுக்கணும்?

நான்கு கட்டமாக வைத்துக்கொள்ளுங்கள். ஏழு நாள் முன்பு: மாற்றுக் கூரை உறுதியா என்று ஒரு முறை போன். மூன்று நாள் முன்பு: இரண்டு மாவட்ட அறிவிப்பையும் பார்த்துப் பந்தல் வகையை முடிவு செய்வது. முதல் நாள் மாலை 6 மணி: வெளியிலா, கூரையின்கீழா என்ற முடிவு, எல்லோருக்கும் ஒரே செய்தியாகப் போக வேண்டும். அன்று முகூர்த்தத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு: ரேடார் பார்த்துக் கடைசி உறுதி. முதல் நாள் மாலை ‘கூரை’ என்று முடிவானால் காலையில் வானம் வெளுத்துவிட்டது என்பதற்காகத் திரும்ப வெளியே மாற்றாதீர்கள். விளக்கு, மணை, பாய் எல்லாம் இரண்டாம் முறை இடம் மாறும்போதுதான் மஞ்சள் கிழங்கிலிருந்து மாங்கல்யம்வரை தொலைகிறது.

முடிவெடுக்கிறவர் ஒரே ஆளாக இருக்கட்டும். பெண்ணும் மாப்பிள்ளையும் கூடாது, அவர்கள் மனம் வெளியில்தான் இருக்கும். பதற்றப்படாத தாய்மாமனோ, சித்தப்பாவோ, தோழியோ போதும். அவர் சொன்னால் மறுபேச்சில்லை என்று முன்கூட்டியே எல்லோரும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

மாற்று இடம்னா தனியா மண்டபம் புக் பண்ணணுமா? ரெண்டு செலவாச்சே.

இருபது பேருக்கு மண்டபம் தேவையில்லை. தோட்டத்து வீட்டுத் திண்ணை, ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர், பண்ணை வீட்டு முன்கூடம், ஊர்ச் சாவடி எதுவும் போதும். அளவு இது: ஆளுக்கு 10 சதுர அடி வீதம் 200, மணமேடைக்கு 100, மேளத்துக்கும் சாமான்களுக்கும் 50. ஆக 350 சதுர அடி, பக்கச் சுவரோ நல்ல இறவாரமோ இருக்க வேண்டும். தாலி கட்டும் இடத்திலிருந்து ஐந்து நிமிட நடைக்குள் இருக்க வேண்டும். காரில் போக வேண்டிய தூரத்தில் இருப்பதை மாற்று இடம் என்று கணக்கில் வைக்காதீர்கள். மழையில் இருபது பேரை வண்டியில் ஏற்றி இறக்குவதற்குள் முகூர்த்தம் முடிந்துவிடும்.

முதலில் கூரையைப் பிடியுங்கள், பிறகு அதற்கு முன்னால் திறந்தவெளியைத் தேடுங்கள். நிறையப் பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

பந்தல்காரர் சாமியானா போதும்ங்கிறார். போதுமா?

வெயிலுக்குப் போதும். மழைக்குப் போதாது. சாமியானாத் துணி கொஞ்ச நேரத்தில் ஊறி ஒழுகும். அதன்மேல் பிளாஸ்டிக் விரித்தால் நடுவில் தொப்பை போட்டு நீர் தேங்கும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர் தண்ணீர். 20-க்கு 20 அடிப் பந்தல் ஏறத்தாழ 37 சதுர மீட்டர். பத்து மில்லிமீட்டர் மழை, அதாவது அரைமணி நேர நல்ல மழை, வழியாமல் தேங்கினால் 370 கிலோ எடை தலைக்குமேல் தொங்குகிறது. பந்தல் சாய்வது பெரும்பாலும் இந்த எடையில்தான். காற்று கடைசித் தள்ளு மட்டுமே.

கேட்க வேண்டியது: நடுவில் முகடு, இரு பக்கமும் சரிவு. 20 அடி அகலத்துக்கு முகடு ஓரத்தைவிட மூன்றடியாவது உயரம். நல்ல கனமான தார்ப்பாய் ஒரே துண்டாக, ஒட்டுப் போடாமல். கயிறுகள் 45 பாகைச் சாய்வில். முளை இரண்டரை அடி இரும்புக் கம்பி, பந்தலுக்கு எதிர்ப்பக்கம் சாய்த்து அடித்தது. மழையில் ஊறிய மண் முளையைப் பிடிக்காது, அதனால் நான்கு மூலையிலும் மணல் மூட்டை கட்டச் சொல்லுங்கள். மேட்டுப்பக்கம் அரையடி ஆழ வாய்க்கால் வெட்டித் தண்ணீரைச் சுற்றி அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் மேலே ஒழுகாத பந்தலிலும் கீழே ஓடை ஓடும். மணமேடை தரையிலிருந்து அரையடி உயரம். மின்வயர் தரையில் கிடக்கக் கூடாது, கம்பத்தில் தூக்கிக் கட்ட வேண்டும்.

ஆனி மாசத்துலதான் லீவு கிடைக்குது. காத்தைச் சமாளிக்க முடியாதா?

முடியும். மறைவான இடம் வேண்டும், பந்தலே இல்லாமல் இருப்பது அதைவிட நல்லது. ஆடிக்காற்றில் அம்மி பறக்கும் என்பது ஆனி நடுவிலேயே இங்கே தொடங்கிவிடும். பருவமழை தொடக்கமும் சொன்ன தேதிக்கு வராது. கேரளத்துக்கு ஜூன் 1 என்பது சராசரி, 2025-இல் மே 24-லேயே தொடங்கிவிட்டது. குடை பிடிக்கத் திணறினால் காற்று மணிக்கு 40 கிலோமீட்டரை ஒட்டுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். அந்த நிலையில் துணிப்பந்தலை இறக்கிவிட வேண்டும்.

மேற்கே கட்டடமோ அடர்ந்த வேலியோ இருக்கும் இடத்தில், அதன் கிழக்குப் பக்கம் மணமேடை போடுங்கள். பின்னணித் திரை, பூ வளையம், பலூன் எதுவும் வேண்டாம், அவையெல்லாம் பாய்மரம். சாப்பாடு உள்ளேதான். தண்ணீர் தெளித்தாலும் இந்தக் காற்றில் இலை நிற்காது.

தென்னந்தோப்பு நல்லாயிருக்குமா, திராட்சைத் தோட்டம் நல்லாயிருக்குமா?

தென்னந்தோப்பு நிழலும் இடமும் தரும். ஆனால் காற்றில் விழும் மட்டையும் நெற்றும் தலையை உடைக்கும். முதல் நாளே மரமேறுகிறவரை வைத்து, உட்காரும் இடத்துக்குமேல் வரும் எல்லா மரங்களிலும் முற்றிய காய், காய்ந்த மட்டை, பாளை எல்லாவற்றையும் இறக்கிவிடுங்கள். நிழலுக்குச் சில்வர் ஓக் வரிசை இருக்கும் எஸ்டேட்களில் கிளை எளிதாக முறியும். காற்று நாளில் அதன் அடியில் யாரையும் உட்கார வைக்காதீர்கள்.

கம்பம் பன்னீர் திராட்சைத் தோட்டம் பார்க்க அழகு, கொடிப்பந்தல் காற்றையும் தணிக்கும். இரண்டு விஷயம் கவனியுங்கள். பந்தல் ஆள் உயரத்துக்குச் சற்று மேல்தான் இருக்கும், தலைப்பாகையும் குடையும் முட்டும். இன்னொன்று மருந்து. மூட்டமும் தூறலுமான வானிலையில்தான் இலையில் பூஞ்சாணம் பரவும் என்பதால் அப்போது தோட்டக்காரர் மருந்து அடிப்பார். மயில்துத்தம் கலந்த நீலக் கரைசல் இலையிலிருந்து சொட்டினால் வெள்ளை வேட்டியில் போகாது, குழந்தைகள் கையில் பட்டாலும் நல்லதில்லை. கடைசியாக மருந்தடித்தது எப்போது, அடுத்தது எப்போது என்று முன்பணம் கொடுக்கும் முன் கேளுங்கள்.

அருவிக்குப் பக்கத்துல தாலி கட்டணும்னு ஆசை. மழை இல்லாத நாளா பார்த்து வைக்கலாம்ல?

வேண்டாம் என்பதே எங்கள் பதில். அருவியில் வரும் தண்ணீர் நீங்கள் நிற்கும் இடத்து மழையல்ல, மேலே காட்டில் பெய்த மழை. கீழே வெயில் அடிக்கும்போதே மேலிருந்து திடீர் வெள்ளம் வரும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் அப்படி வந்த வெள்ளத்தில் 17 வயதுப் பையன் ஒருவன் போனான். அது அருவி சீசன் தொடங்குவதற்கும் முன்பு. சுருளி, கும்பக்கரை இரண்டிலும் நீர்வரத்து கூடினால் வனத்துறை உடனே அனுமதியை நிறுத்திவிடும், உங்கள் முகூர்த்தத்துக்காகக் காத்திருக்காது. காப்புக்காட்டுக்குள் எந்த நிகழ்ச்சிக்கும் அனுமதி தேவை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நீர் தெரிய வேண்டும் என்றால் கரையிலிருந்து நன்றாக மேட்டில், ஏறி வரப் பாதை உள்ள தனியார் நிலத்தில் வையுங்கள். ஓடை திடீரெனக் கலங்கினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ, சத்தம் மாறினாலோ சடங்கை அப்படியே விட்டு மேலேறுங்கள்.

தூரத்துல இடி கேக்குது, மழை இல்ல. தொடரலாமா?

கூடாது. மின்னலுக்கும் இடிக்கும் இடையே எண்ணுங்கள். மூன்று வினாடிக்கு ஒரு கிலோமீட்டர். 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால் மின்னல் பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கிறது, உடனே கட்டடத்துக்குள் போக வேண்டும். கடைசி இடி கேட்டபின் 30 நிமிடம் கழித்துத்தான் வெளியே வரலாம். பந்தல், மரத்தடி, தகரக் கொட்டகை மூன்றும் அடைக்கலம் இல்லை. கட்டடம் தூரமென்றால் கண்ணாடி ஏற்றிய கார் பரவாயில்லை. தாமினி என்ற செயலி அருகே மின்னல் விழும்போது எச்சரிக்கும், முடிவெடுப்பவர் போனில் அது இருக்கட்டும்.

ஹோமம் வளர்க்கணும். காத்துலயும் தூறல்லயும் தீ நிக்குமா?

நிற்கும், அடுக்கும் முறையில் இருக்கிறது. தரையில் நேரே வேண்டாம். ஈரம் ஏறும். ஒரு வரிசைச் செங்கல் பரப்பி, அதன்மேல் காய்ந்த மணல் இரண்டு விரல் கனம், அதன்மேல் குண்டம். சமித்தை முதல் நாள் இரவே பிளாஸ்டிக் வாளியில் போட்டு மூடி வையுங்கள். இரண்டு கட்டு கூடுதலாக இருக்கட்டும். காற்று வரும் பக்கம் மட்டும் இரண்டடி உயரத் தகரத் தடுப்பு. நான்கு பக்கமும் அடைத்தால் புகை மணமக்கள் கண்ணில் நிற்கும்.

துணிக்கூரைக்கும் தீக்கும் நடுவே பத்தடி இருக்க வேண்டும், பக்கத்தில் இரண்டு வாளி தண்ணீர். மாசியிலிருந்து வைகாசிவரை காய்ந்த புல்வெளியில், காட்டை ஒட்டி, ஹோமமே வைக்காதீர்கள். 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் பரவிய காட்டுத்தீயில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஒரு பொறி போதும். குத்துவிளக்குக்குத் திரியைத் தடிமனாகத் திரித்துக் கண்ணாடிக் குடுவை போடுங்கள். கர்ப்பூரம் காற்றில் நிற்காது.

பட்டு, பூ, மேளம் இதெல்லாம் ஈரத்துல என்ன ஆகும்?

பட்டில் மழைத்துளி பட்டால் காய்ந்தபின் வட்டக் கறை நிற்கும். தேய்த்துத் துடைப்பது அதைப் பெரிதாக்கும், ஒற்றி எடுங்கள். செம்மண் தெறித்தால் ஈரத்தோடு தொடாமல் காயவிட்டு உதறுங்கள். தரையில் தேங்காய் நார்ப் பாய் விரித்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். மல்லிகை நனைந்தால் ஒரு மணி நேரத்தில் பழுப்பேறும். சம்பங்கி, செண்டுமல்லி, அரளி தாங்கும். மாலையை முந்தைய நாள் மதியத்துக்குமேல் சீலையம்பட்டிச் சந்தைப் பூவில் கட்டச் சொல்லி, வாழை இலையில் பொதிந்து, ஐஸ் மேல் நேரடியாகப் படாமல் வையுங்கள்.

தவிலைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். தோல் ஈரக்காற்றை உறிஞ்சினால் தொய்ந்து, சுருதி இறங்கி, நாதஸ்வரத்தோடு ஒட்டாமல் தனியே மத்தளம் போல முழங்கும். வித்வான் வாரை இழுத்து இழுத்துப் பார்ப்பார், பத்து நிமிடத்தில் மறுபடி தொய்யும். அவர்களுக்கு முதலிலிருந்தே கூரைக்குள் காய்ந்த இடம் கொடுங்கள். மூட்டத்தில் சத்தம் எப்படியும் நன்றாகக் கேட்கும்.

மூட்டம் இறங்கிட்டா போட்டோ வீணா?

இல்லை, முகங்கள் மிருதுவாக வரும். மலை மட்டும் தெரியாது. குமுளி, போடிமெட்டில் தை மாதக் காலை மூட்டம் எட்டு, ஒன்பது மணிக்கு விலகுவது வழக்கம், அதனால் மலை தெரியும் படங்களை அதற்குப்பின் வைத்துக்கொள்ளுங்கள். ஏசி காரிலிருந்து கேமராவை நேரே வெளியே எடுத்தால் லென்ஸில் நீர் படியும். அரைமணி முன்பே பையோடு வெளியே வைக்கச் சொல்லுங்கள்.

அட்டைப்பூச்சி ஏறுமாமே?

கேரளச் சரிவிலும் ஏலத்தோட்டத்திலும் மழைக்காலத்தில் ஏறும். கம்பம் தரையில் கிடையாது. முழங்கால்வரை வரும் அட்டை சாக்ஸ் தேக்கடிப் பக்கம் கிடைக்கும், புடவைக்குள் போட்டால் தெரியாது. கடித்தால் பிய்க்காதீர்கள், உப்பு வைத்தால் விழும்.

எங்க அப்பத்தாவுக்கு எண்பது வயசு. அவங்களை வெளியில உட்கார வைக்கலாமா?

வைக்கலாம், கூரைக்கு மிகப் பக்கத்து நாற்காலியில். பங்குனி, சித்திரையில் எட்டரைக்கு மேல் வெயிலில் வேண்டாம். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறேழு டிகிரி குறையும் என்பதால் மலைமேல் தை, மாசிக் காலையில் கம்பளியும் குல்லாவும் கட்டாயம். மேலே ‘ஐந்து நிமிட நடை’ என்று சொன்னது அவர்கள் நடைக்கு, உங்கள் நடைக்கு அல்ல.

மழையால தேதி மாத்தினா அட்வான்ஸ் போயிடுமா?

எழுதி வாங்காவிட்டால் போய்விடும். இடம், பந்தல், சமையல், படம் நான்கு பேரிடமும் ரசீதிலேயே இப்படி ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்: ‘ஆரஞ்சு அல்லது சிவப்பு எச்சரிக்கை இருந்தால் முன்பணம் அடுத்த 60 நாட்களில் வேறு தேதிக்குச் செல்லும்.’ எச்சரிக்கையின் நிறத்தைக் குறிப்பிடுவது முக்கியம். ‘மழை பெய்தால்’ என்று எழுதினால் தூறலுக்கும் வெள்ளத்துக்கும் சண்டை வரும். நெருங்கியவர்களிடம் இரண்டு முகூர்த்தத் தேதிகளையும் முன்பே சொல்லிவிடுங்கள், இருபது பேர்தானே.

மழைக்காகத் தேதி தள்ளினா சட்டப்படி பதிவுல சிக்கல் வருமா? குமுளியில தாலி கட்டிட்டுத் தேனியில பதிவு பண்ணலாமா?

சட்டத்தையும் சடங்கையும் பிரித்துக்கொண்டால் வானிலைக் கவலை பாதியாகும். சிறப்புத் திருமணச் சட்டம் 1954-இன்படி என்றால், இருவரில் ஒருவர் 30 நாளாவது வசிக்கும் மாவட்டத்தில் அறிவிப்புக் கொடுத்து, 30 நாள் காத்திருந்து, அறிவிப்புக் கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் மூன்று சாட்சிகளோடு மணக்க வேண்டும். ஆக ஏறத்தாழ 60 நாள் இடைவெளி உங்கள் கையில். அலுவலகத்தில் கையெழுத்தை முடித்துவிட்டு, வானம் தெளிந்த ஒரு நாளில் மலையடிவாரத்தில் மாலை மாற்றிக்கொள்ளுங்கள்.

இந்து முறையில் என்றால், இந்து திருமணச் சட்டத்தில் தமிழ்நாடு 1967-இல் சேர்த்த 7-ஏ பிரிவு புரோகிதர் இல்லாமல், உறவினரோ நண்பரோ முன்னிலையில் மாலை மாற்றியோ, மோதிரம் அணிவித்தோ, தாலி கட்டியோ மணப்பதை ஏற்கிறது. கேரள மண்ணில் அந்தப் பிரிவு செல்லாது. எல்லை தாண்டி வைத்தால் இருவரில் ஒருவர் குலவழக்கச் சடங்கு முறையாக நடந்திருக்க வேண்டும், பதிவும் அந்தப் பக்கத்து உள்ளாட்சியில்தான். தமிழ்நாட்டில் நடந்த திருமணத்தை 90 நாளுக்குள் பதிய வேண்டும் என்கிறது 2009-ஆம் ஆண்டுச் சட்டம். ஆகவே மழை வந்து கடைசி நிமிடத்தில் இடத்தைக் குமுளிக்கோ ஆரியங்காவுக்கோ மாற்றும்போது சட்டமும் மாறுகிறது. மாற்றுக் கூரை எல்லைக்கு இந்தப் பக்கமே இருக்கட்டும்.

வீட்டுக்குத் தெரியாம பண்றோம். ஆள் நடமாட்டம் இல்லாத மலைதானே எங்களுக்கு நல்லது?

இல்லை. எதிர்ப்பு இருக்கிறவர்களுக்கு ஆளில்லாத இடம்தான் ஆபத்து, மழையில் பாதை அடைபட்டால் இன்னும் மோசம். ஊருக்குள், பலர் பார்க்க, சட்டப் பதிவை முடியுங்கள். பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 நிறைந்த சான்றுகளின் நகல் நம்பகமான மூன்றாம் ஆளிடமும் இருக்கட்டும். இப்படி மணப்பவர்களுக்காக ஒவ்வொரு மாவட்டத்திலும் சிறப்புப் பிரிவும் பாதுகாப்பு இல்லமும் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் உத்தரவிட்டிருக்கிறது. மிரட்டல் இருந்தால் தாலி கட்டும் முன்பே மாவட்டக் காவல் கண்காணிப்பாளரிடம் எழுத்தில் கொடுங்கள். பெண்களுக்கு உதவி எண் 181. மலையும் பூவும் நிலைமை அடங்கியபின் நிதானமாக வைத்துக்கொள்ளலாம்.

எல்லாம் பார்த்து வச்சும் முகூர்த்தத்துக்குக் கால்மணி முன்னாடி கொட்டுது. என்ன பண்றது?

இடி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இருந்தால் எல்லோரும் உள்ளே, பேச்சில்லை. இடி இல்லாத வெறும் மழை என்றால் ஆட்களை மட்டும் நகர்த்துங்கள், அலங்காரத்தை விட்டுவிடுங்கள். மாங்கல்யம், தாலிக்கயிறு, மஞ்சள், குங்குமம், அட்சதை, இரண்டு மாலை, தீப்பெட்டி ஆகிய ஏழும் தயாராக இருக்க வேண்டும். மூடி போட்ட எவர்சில்வர் தூக்கில் வைத்து, மணப்பெண்ணின் மதினி போல ஒரே ஆள் கையைவிட்டு அகலாமல் வைத்திருக்கட்டும். அந்தத் தூக்கும் ஒரு விளக்கும் கூரைக்குள் வந்துவிட்டால் சடங்கு பத்து நிமிடத்தில் முடியும். பெரிய குடை ஆறு போதும். முதல் நடையில் வயதானவர்களும் புரோகிதரும், இரண்டாவதில் மணமக்கள், மூன்றாவதில் மற்றவர்கள்.

மேளக்காரர்கள் ஏற்கெனவே உள்ளே இருக்கிறார்கள், வாசிக்கத் தொடங்கச் சொல்லிவிடுங்கள். கோடை மழை என்றால் பெரும்பாலும் ஒரு மணி நேரத்தில் விடும். அதற்குள் பந்தியை முடித்து, மழை விட்டபின் கழுவித் துடைத்தது போல மலை தெரியும்போது மணமக்களைப் படத்துக்கு வெளியே அனுப்புங்கள்.